ஒரு கான்சன்ட்ரேட்டர், பல வீடுகள்: கைமாறும்போது பார்க்க வேண்டியவை

கொரோனா இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் 27 இரவு 9 மணிக்கு கர்நாடகத்தில் ஊரடங்கு தொடங்கியபோது பெங்களூரில் ஆஸ்பத்திரி பெட்டுக்கும் ஆக்சிஜனுக்கும் ஒரே சமயத்தில் தட்டுப்பாடு. ஒன்பது தொழில்களைத் தவிர மற்ற ஆலைகளுக்கு ஆக்சிஜன் கொடுப்பதை ஏப்ரல் 22 முதலே மத்திய அரசு நிறுத்தியிருந்தது. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவியைச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்ய இருந்த 28 சதவீத வரி, மே 1 அன்று 12 ஆகக் குறைந்தது. வரி குறைந்தாலும் சரக்கு வந்து சேர வேண்டுமே. அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு கருவி வந்து இறங்கினால், அது ஒரு வீட்டோடு நிற்காது. ஒருவர் தேறியதும் அடுத்த வீடு, அங்கிருந்து பின்சந்து. அப்படிச் சுற்றிய, நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் கருவிகளில் என்னென்ன கெட்டது, எப்படிச் சரிசெய்தோம், கைமாறும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் எல்லையைச் சொல்லிவிடலாம். இது டாக்டருக்கு மாற்று இல்லை. அந்த ஏப்ரலில் வந்த மத்திய வழிகாட்டுதலில் ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவு 90 முதல் 93 சதவீதம் வரை, அல்லது மூச்சு நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் என்றால் மிதமான பாதிப்பு, வார்டில் சேர்க்க வேண்டியவர். 90க்குக் கீழே போனால் தீவிரம். ஆக்சிஜன் கொடுக்கும்போது எட்ட வேண்டிய இலக்கு 92 முதல் 96, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு 88 முதல் 92. 5 லிட்டர் கருவிக்கு உண்மையில் இரண்டே வேலைதான்: பெட் கிடைக்கும்வரை தாக்குப்பிடிப்பது, டிஸ்சார்ஜ் ஆனபின் கொஞ்சநாள் கைகொடுப்பது. 5 லிட்டர் வைத்தும் 90 தாண்டவில்லை என்றால் கருவியை நோண்டிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும்.

கருவி செய்வது எளிமையான வேலை. அறைக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். கம்ப்ரெசர் காற்றை அழுத்தி, ஜியோலைட் என்ற கனிம மணிகள் நிரம்பிய இரண்டு குழல்களுக்குள் மாற்றி மாற்றித் தள்ளும். ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். சில நொடிக்கு ஒருமுறை கேட்கும் ‘புஸ்’ சத்தம் ஒரு குழல் நைட்ரஜனைக் கக்கும் சத்தம். அது சீராக வந்துகொண்டே இருக்க வேண்டும். தாளம் தப்பினால் வால்வில் கோளாறு, அது சர்வீஸ்காரர் வேலை. ஆர்கானை ஜியோலைட் பிரிக்காது. அதனால்தான் எந்தக் கருவியும் 95, 96 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஆக்சிஜன் தராது. பெட்டியில் 99 என்று போட்டிருந்தால் அந்தப் பெட்டியை நம்ப வேண்டாம்.

பெட்டியில் படிக்க வேண்டிய இன்னொன்று ‘1 முதல் 7 லிட்டர்’ என்ற வாசகம். தட்டுப்பாட்டு நேரத்தில் நிறைய வந்திறங்கிய சின்னக் கருவிகள் இவை. 1 லிட்டரில் 90 சதவீதம் தருவதை 7 லிட்டரில் வைத்தால் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும், அதாவது அறைக் காற்றைவிடக் கொஞ்சம் மேல். ‘5 லிட்டரில் 93, கூடக்குறைய 3’ என்று தெளிவாகப் போட்டிருப்பதுதான் உண்மையான 5 லிட்டர் கருவி. எடை பார்த்தும் ஓரளவு சொல்லலாம். நல்ல 5 லிட்டர் கருவி பெரும்பாலும் 14 கிலோவுக்குக் குறையாது.

பந்து 5இல் நிற்கிறது, மூக்கில் காற்றில்லை

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று உள்ளே மிதக்கும் பந்தால் காட்டும் குழல்தான் ஃப்ளோமீட்டர். அதை வைத்து அதிகம் வந்த புகார் இதுதான். “அக்கா, பந்து அஞ்சுலதான் நிக்குது. ஆனா மாமாவுக்கு எண்பத்தொம்போதைத் தாண்ட மாட்டேங்குது.” போனில் இதைக் கேட்டதும் கருவி பழுது என்று முடிவுகட்டி வேறு கருவி தேடத் தொடங்குவார்கள். பாதி சமயம் கருவிமேல் தப்பே இருக்காது. ஃப்ளோமீட்டர் காட்டுவது கருவியை விட்டு வெளியேறும் அளவு. அதற்குப் பிறகு காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் பாட்டில், நீட்டிப்புக் குழாய், இணைப்பு, மூக்கில் மாட்டும் கேனுலா என்று நாலு இடம் இருக்கின்றன. எங்கே ஒழுகினாலும் பந்து அசையாமல் 5இலேயே நிற்கும். பாட்டிலில் குமிழும் வரும். ஏனென்றால் காற்று தண்ணீருக்குள் போய்த்தான் வருகிறது, அதன்பின் மூடி வழியாக நழுவிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பந்தை 5இல் வைத்து, கேனுலாவுக்கு முந்தைய குழாயை மடித்து இறுக்கிப் பிடிக்கவும். சில நொடியில் பாட்டில் மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வு விசில் அடிக்க வேண்டும், பந்தும் இறங்க வேண்டும். விசில் வந்தால் மடித்த இடம்வரை ஒழுக்கு இல்லை. வரவில்லை என்றால் பாட்டில் பக்கத்திலிருந்து தொடங்கி, இணைப்பு இணைப்பாக முன்னே வந்து அதே சோதனையைச் செய்யுங்கள். பத்தில் எட்டுக்கு மூடி மரையில்தான் சிக்கும். மரை கோணலாக ஏறியிருக்கும். முழுசாகக் கழற்றி, முதலில் இடப்பக்கமாகச் சுற்றி ‘டக்’ என்று மரை உட்காருவதை உணர்ந்தபின் வலப்பக்கம் இறுக்க வேண்டும். கைவிசை போதும். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் கீறிவிடும், அப்புறம் அந்த மூடி குப்பைக்குத்தான். உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுவும்போது சிங்க்கில் விழுந்து போவது அதுதான்.

எவ்வளவு வருகிறது என்று அளக்க ஒரு வாளி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். பாட்டிலை முழுக்க நிரப்பி, வாயைக் கையால் மூடி, வாளித் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி, கேனுலா முனையை உள்ளே விடவும். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 12 நொடியில் தண்ணீர் முழுக்க வெளியேறிவிடும். 2 லிட்டருக்கு 30 நொடி. பந்து 5 சொல்லி, பாட்டில் காலியாக 25 நொடி ஆனால் பாதிக்குமேல் வழியிலேயே போகிறது. இந்தச் சோதனைக்குப் பழைய கேனுலாவைத்தான் எடுக்க வேண்டும், நோயாளி போட்டிருப்பதை நனைக்கக் கூடாது. பந்தைப் படிக்கும்போது கண் அதே உயரத்தில் இருக்கட்டும், பந்தின் நடுவைக் கோட்டோடு பொருத்துங்கள்.

இது அளவைத்தான் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. சுத்தத்துக்குக் கருவியில் விளக்கு இருக்கும், அல்லது கையடக்க அனலைசர் வேண்டும். 82 சதவீதத்துக்குக் கீழே போகும் கருவியைப் பயன்படுத்தக் கூடாது. ஆன் செய்தவுடன் மஞ்சள் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். குழல்கள் நிலைக்கு வர 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் மஞ்சள் என்றால் வரிசையாகப் பார்க்க வேண்டியவை: ஸ்பாஞ்ச் ஃபில்டர் அழுக்கு, பந்து 5க்கு மேல், வோல்டேஜ் குறைவு. இந்த மூன்றும் இல்லை என்றால் ஜியோலைட் ஈரம் குடித்திருக்கிறது அல்லது உள்ளே ஒழுகுகிறது. அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. ‘இன்னும் கொஞ்சம் வரட்டும்’ என்று ஃப்ளோமீட்டரைத் திருகிப் பந்தை 5க்கு மேல் ஏற்றுவதால் சுத்தம்தான் குறையும், நோயாளிக்கு எதுவும் கூடாது.

ஒரே கருவியில் டி கனெக்டர் போட்டு இரண்டு பேருக்குப் பிரித்தால் என்ன என்று எல்லாத் தெருவிலும் கேட்டார்கள். பிரித்தால் ஆளுக்கு இரண்டரை லிட்டர் போகாது. எந்தக் குழாயில் தடை குறைவோ அங்கேதான் பெரும்பங்கு போகும். ஒருவர் புரண்டு படுத்துக் குழாய் மடங்கினால் இன்னொருவருக்கே எல்லாம் போய்விடும், மடங்கியதற்கான விசிலும் வராது. தனித்தனி ஃப்ளோமீட்டர் இல்லாமல் பிரிக்கவே கூடாது.

தண்ணீர், பாட்டில், கேனுலா

பெங்களூரில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஹ்யூமிடிஃபையரில் ஊற்றினால் சில நாளில் அடிக்குழலின் நுண்துளைகளில் வெள்ளையாகப் படிந்து குமிழ் பெரிசு பெரிசாக வரும், பிறகு விசில் அடிக்கும். அடைப்பு எடுக்க ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் நன்றாக அலசினால் போதும். காவிரித் தண்ணீர் வரும் வீட்டிலும் நேராகக் குழாயிலிருந்து பிடிக்கக் கூடாது. ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். அது கிடைக்காத நாளில் பேட்டரிக் கடை கேனைத் தூக்கிவந்தார்கள். அது உப்பு நீக்கிய தண்ணீர்தான், கிருமி நீக்கியது இல்லை. அதைவிட ஆர்ஓ தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டது மேல். தினமும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே போகக் கூடாது. அதிகபட்சக் கோட்டைத் தாண்டினால் தண்ணீர் குழாய்க்குள் ஏறி மூக்கில் சொட்டும்.

பாட்டிலுக்கே தட்டுப்பாடு வந்தபோது ஒருவர் பாட்டிலைக் கழுவி இன்னொருவருக்குக் கொடுக்கும் யோசனை வந்தது. அதற்கு அவசியமே இல்லை. நிமிடத்துக்கு 4 லிட்டர் வரை பாட்டில் இல்லாமலே கொடுக்கலாம், மூக்கு தானாகவே காற்றை ஈரப்படுத்திக்கொள்ளும். வேண்டியது ஒருமுனை மரையும் மறுமுனை கூம்புமாக உள்ள சின்னக் கனெக்டர். அதை நேரே கருவியின் வாயில் போட்டு குழாயைச் செருகலாம். இந்த வழியில் மூடி விசில் இருக்காது, அதனால் மடக்கிப் பிடிக்கும் சோதனையில் பந்து இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். மூக்கு காய்கிறது என்று வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவக் கூடாது. ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய்ப்பசை தீக்கு அழைப்பு. தண்ணீர் சார்ந்த ஜெல் அல்லது உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

கேனுலா, பாட்டில், குழாய் மூன்றும் ஆளுக்கு ஆள் புதுசு. கருவிதான் கைமாறும், இவை மாறாது. கேனுலா கிடைக்காமல் முகமாஸ்க் போடுகிறவர்கள் கவனிக்க: சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்குக்குக் குறைந்தது 5 லிட்டர் வேண்டும், இல்லாவிட்டால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார்கள். பை தொங்கும் மாஸ்க்குக்கு 10 முதல் 15 லிட்டர். 5 லிட்டர் கருவியில் அதை மாட்டவே கூடாது.

சாம்பிராணியும் ஆவியும்

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு தொல்லைகள். தொற்றுக் காலத்தில் சாயங்காலம் சாம்பிராணி போடாத வீடு குறைவு. கருவி நிமிடத்துக்குப் பல லிட்டர் அறைக் காற்றை இழுக்கிறது. புகை நேராக ஃபில்டருக்குப் போய், வெள்ளை ஃபில்டர் பழுப்பாகும். தீ விஷயம் அதைவிடப் பெரிசு. அடுப்பு, விளக்கு, கற்பூரம், கொசுவத்தி எதுவும் மூன்று மீட்டருக்குள் வேண்டாம். ஒற்றை அறை வீட்டில் மூன்று மீட்டர் எங்கே போவது என்றால், நீட்டிப்புக் குழாய் போட்டு நோயாளியை அடுப்பிலிருந்து தள்ளிப் படுக்கவையுங்கள். 15 மீட்டர் வரை குழாய் நீளலாம். கேனுலாவைக் கழற்றி மெத்தைமேல் போட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது, துணியில் ஆக்சிஜன் ஊறி நிற்கும். எழுந்தால் கருவியை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று ஆவி பிடிப்பது. நொச்சி, மஞ்சள் போட்ட பாத்திரத்தைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்து மூடிப் பிடித்தார்கள். அந்த ஈரம் கருவிக்குள் போகும். ஜியோலைட்டைக் கெடுக்கும் விஷயங்களில் ஈரம்தான் முதலிடம். ஆவி பிடிப்பதால் கொரோனா போகிறதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பிடிப்பதென்றால் வேறு அறையில் பிடியுங்கள். அதே காரணத்தால் குளியலறை வாசலும் ஈரத்துணி காயும் கொடியடியும் கருவிக்கு ஆகாது. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, மேலே துணி போடாமல் நிறுத்துங்கள். ‘சத்தம் கேட்குது’ என்று போர்வை போட்டு மூடினால் சூடேறி நின்றுவிடும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்தபின் மாட்ட வேண்டும். ஈரமாக மாட்டினால் மேலே சொன்ன கதைதான். இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றது ஓடும். உள்ளே இருக்கும் நுண்ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கரண்ட் போனால்

ஏப்ரல், மேயில் பெங்களூரில் சாயங்கால மழை வந்தால் கரண்ட் போகும். 5 லிட்டர் கருவி ஏறக்குறைய 350 வாட் இழுக்கும், 230 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர். தொடங்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். அதனால்தான் கம்ப்யூட்டருக்கு வைத்த 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டினால் ஆன் செய்யும்போதே டிரிப் ஆகிறது. வீட்டு இன்வர்ட்டர் 900 விஏ, சைன்வேவ் என்றால் தாங்கும். ஸ்கொயர்வேவ் இன்வர்ட்டரில் கம்ப்ரெசர் உறுமும், சூடேறும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்ஹவர். இழப்பு, பேட்டரியை முழுக்க வடிக்கக் கூடாது என்பதெல்லாம் கழித்தால் கைக்கு வருவது 1150 அளவு. 350 வாட்டுக்கு மூன்று மணி நேரம். பேட்டரி மூன்று நாலு வயசானது என்றால் அதில் பாதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஃபேன், டிவி எல்லாவற்றையும் இன்வர்ட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். 10 லிட்டர் கருவி 600 வாட் அளவு இழுக்கும், இந்த இன்வர்ட்டரை நம்பாதீர்கள்.

பழைய வீட்டு பிளக் பாயின்ட் லூசாக இருக்கும். கருவி ஓடத் தொடங்கி அரைமணி கழித்து பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் பாயின்ட்டை மாற்றுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பது பல சந்துகளில் நடந்தது. இழுத்தால் எர்த் உள்ள மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். எர்த் பின்னை மடக்கிவிட்டு இரண்டு பின் அடாப்டரில் செருகக் கூடாது.

கரண்ட் நீண்ட நேரம் போனால் சிலிண்டர்தான் கதி. தெருவுக்குப் பொதுவாக ஒரு பி டைப் சிலிண்டர் வைத்திருந்தால் பல வீட்டுக்குக் காப்பு. 10 லிட்டர் கொள்ளளவு, நிரம்பியிருந்தால் அழுத்தம் 150 பார், ஆக 1500 லிட்டர். கணக்கு சுலபம்: மீட்டர் காட்டும் பாரை 10ஆல் பெருக்கி, ஓட்டும் லிட்டரால் வகுத்தால் நிமிடம் கிடைக்கும். 60 பார் இருந்து, 4 லிட்டர் ஓடினால் 150 நிமிடம். 20 பாரில் மாற்று ஏற்பாடு தொடங்கிவிட வேண்டும். ரெகுலேட்டர் அந்தச் சிலிண்டர் கழுத்துக்குப் பொருந்துகிறதா என்று பகலிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள், இரவு கரண்ட் போனபின் அல்ல. மரையில் எண்ணெய், கிரீஸ் ஆகாது. ஆள் விழுந்தாலும் சிலிண்டர் விழக் கூடாது, சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். வெல்டிங் பட்டறைச் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டுவது கூடவே கூடாது. வாயு ஒன்றுதான் என்றாலும் சிலிண்டரின் உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

தூக்கிப்போவதும் துடைப்பதும்

கம்ப்ரெசர் உள்ளே ஸ்பிரிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டோ சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனால் ஸ்பிரிங் இடம்மாறி, ஓடும்போது ‘டக்டக்’ என்று பெட்டியை இடிக்கும். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும், மாடிப்படியில் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். துடைப்பது வயரைப் பிடுங்கியபின். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருமுறை, 70 சதவீத ஆல்கஹால் துணியால் ஒருமுறை. சானிடைசரை நேரே ஸ்பிரே அடித்தால் காற்றுத் துளைக்குள் போகும். நன்றாக உலர்ந்தபின்தான் ஆன் செய்ய வேண்டும்.

கருவியோடு ஒரு பள்ளிக்கூட நோட்டும் போனால் நல்லது. பேர் வேண்டாம், வீட்டு அடையாளம் போதும். மணிமீட்டர் எண் (கருவி மொத்தம் ஓடிய மணி நேரம்), விசில் சோதனை வந்ததா, வாளிச் சோதனையில் எத்தனை நொடி, ஃபில்டர் கழுவிய தேதி, ஆலோசனை சொன்ன டாக்டர் எத்தனை லிட்டர் சொன்னார். கொடுக்கிற வீட்டாரும் வாங்குகிற வீட்டாரும் வாசலிலேயே, மாஸ்க்கோடு, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்து எழுத வேண்டும். அடுத்து யாருக்கு என்ற சச்சரவுக்கும் இதுவே மருந்து. முதலில் கேட்டவர் என்பதைவிட டாக்டர் சொன்ன லிட்டரும் அன்றைய ஆக்சிஜன் அளவும்தான் வரிசையைத் தீர்மானித்தன. கருவி ஓடும் வீட்டில் பெரும்பாலும் எல்லோருக்கும் காய்ச்சல், சமைக்க ஆளிருக்காது. ரசமும் கஞ்சியும் வாசலில் வைக்கப் போகிறவரே பந்து எங்கே நிற்கிறது, பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று ஜன்னல் வழியே கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டால் தனியாக ஒருவர் போக வேண்டியதில்லை.

ஆக்சிமீட்டரும் கைமாறும் பொருள்தான். விரலில் மாட்டி எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். அது காட்டும் நாடித்துடிப்பை மணிக்கட்டில் எண்ணிச் சரிபாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். குளிர்ந்த விரல், நகச்சாயம், நேர்வெயில் எல்லாம் ஏமாற்றும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஆக, ஒரு எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். காலையில் 96, சாயங்காலம் 93 என்றால் 93ஐப் பார்த்து ‘பரவாயில்லை’ என்று விடக் கூடாது.

இப்போது பல வீட்டுப் பரணில் இந்தக் கருவிகள் தூங்குகின்றன. ஓடாமல் கிடந்தால் ஜியோலைட் மெல்ல ஈரம் இழுக்கும். மாதம் ஒருமுறை இறக்கி, அரைமணி 5இல் ஓடவிடுங்கள். வருஷக்கணக்கில் கிடந்ததென்றால் முதலில் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்த்து, பாட்டில் இல்லாமல் அரைமணி ஓட்டி, விளக்கு பச்சைக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வாளிச் சோதனை. பிறகு சர்வீஸ்காரரை வரவழைத்து அனலைசரில் 5 லிட்டரில் அளந்து, 87க்குக் குறைந்தால் குழல் மாற்ற என்ன செலவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பச்சைக்கே வராத கருவியை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் ‘ஓடாது’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.